கேளுங்கள், சொல்கிறோம்: லினக்ஸுக்கு லேப்டாப் வாங்கும் முன்

கல்லூரி திறக்கும் நேரம் நெருங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி லேப்டாப் பற்றியே இருக்கும். இந்த முறை பெரும்பாலோர் கேட்டிருப்பது லினக்ஸ், புரோகிராமிங், சைபர் செக்யூரிட்டி மூன்றுக்கும் சேர்த்து ஒரே லேப்டாப். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அப்பா 60 ஆயிரம் வரை தருவதாகச் சொல்கிறார். லினக்ஸ் போட்டு புரோகிராமிங்கும் செக்யூரிட்டியும் படிக்க எந்த கம்பெனி லேப்டாப் நல்லது?
— கவிதா, ஈரோடு

கம்பெனியை வைத்து முடிவெடுக்க முடியாது. மாடல் பெயரை வைத்துக்கூட முழுதாக எடுக்க முடியாது. ஒரே மாடலில் ஒரு பெட்டிக்குள் இன்டெல் வைஃபை கார்டு இருக்கும், அடுத்த பெட்டிக்குள் ரியல்டெக் இருக்கும். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்றுதான், டிரைவரைக் கம்பெனியே போட்டுத் தந்துவிடும். லினக்ஸில் அந்த ஒரு சிப் மாறினால் இன்ஸ்டால் செய்த அன்றே இன்டர்நெட் இல்லாமல் உட்கார்ந்திருக்க வேண்டி வரும்.

பணத்தை முதலில் ரேமில் போடுங்கள். செக்யூரிட்டி படிப்பவருக்கு விர்ச்சுவல் மெஷின்தான் (லேப்டாப்புக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) பயிற்சிக் களம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உங்கள் லினக்ஸ், பிரவுசர், எடிட்டர் மூன்றும் சேர்ந்து 6 ஜிபி, செக்யூரிட்டிக் கருவிகள் நிறைந்த காளி லினக்ஸ் மெஷினுக்கு 4, தாக்கிப் பழக ஓட்டையுள்ள ஒரு லினக்ஸ் மெஷினுக்கு 1, ஒரு விண்டோஸ் மெஷினுக்கு 4 முதல் 6. இதுவே 15, 17 ஆகிவிட்டது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவும் எமுலேட்டரும் திறந்தால் இன்னும் ஏறும். 16 ஜிபி என்பது அடிமட்டம். இன்று 16 வாங்கினாலும் நாளை 32 ஆக்க வழி இருக்க வேண்டும்.

அந்த வழி இருக்கிறதா என்று விவரப்பட்டியலிலேயே பார்த்துவிடலாம். 'எல்பிடிடிஆர்5', 'எல்பிடிடிஆர்5எக்ஸ்' என்று போட்டிருந்தால் ரேம் போர்டிலேயே ஒட்டப்பட்டது, மாற்ற முடியாது என்று வைத்துக்கொள்ளுங்கள். (எல்பிகேம்2 என்ற கழற்றக்கூடிய வகை ஒன்று உண்டு, உங்கள் பட்ஜெட்டில் அதைப் பார்க்கப் போவதில்லை.) வெறும் 'டிடிஆர்4', 'டிடிஆர்5' என்றிருந்தால் எத்தனை ஸ்லாட், எத்தனை காலி என்று கேளுங்கள். 8 ஜிபி ஒட்டியது, கூட ஒரு ஸ்லாட் என்ற அமைப்பும் நிறைய வருகிறது. அதில் 16 ஜிபி சேர்த்து 24 ஆக்கலாம், மோசமில்லை.

அடுத்தது பிராசஸர். ஏஎம்டியின் 7000 வரிசையில் ஒரு பொறி இருக்கிறது. நான்கு இலக்க எண்ணில் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பின் வயதைச் சொல்லும். ரைசன் 5 7520யூ, ரைசன் 5 7530யூ இரண்டும் விளம்பரத்தில் அண்ணன் தம்பி போலத் தெரியும். முதலாவது ஜென் 2, 4 கோர். இரண்டாவது ஜென் 3, 6 கோர். 7540யூ ஜென் 4. விர்ச்சுவல் மெஷின்களுக்குக் கோர்களைப் பங்கு போட்டுக் கொடுக்க வேண்டியவருக்கு 4-க்கும் 6-க்கும் உள்ள தூரம் பெரியது. 7520யூ உள்ள லேப்டாப்களில் ரேமும் ஒட்டியதாகவே வரும், ஆகவே அது இரட்டை நஷ்டம்.

எஸ்எஸ்டி 512 ஜிபி போதும். ஒவ்வொரு விர்ச்சுவல் மெஷினும் 40 முதல் 60 ஜிபி கேட்கும் என்பதால் 256 வேண்டாம். திரை 14 அங்குலம், 1920க்கு 1080 என்றால் லினக்ஸில் எந்தத் தலைவலியும் இல்லை. கைரேகை சென்சாருக்காகக் கூடுதல் பணம் தராதீர்கள்; பல சென்சார்களுக்கு லினக்ஸ் டிரைவரே கிடையாது.

வைஃபைக்கு இன்டெல் ஏஎக்ஸ்200, ஏஎக்ஸ்210 இரண்டும் தொந்தரவில்லாதவை. மீடியாடெக் எம்டி7921 கர்னல் (டிரைவர்களைச் சுமக்கும் லினக்ஸின் மையப் பகுதி) 5.12 முதல் ஓடுகிறது. ரியல்டெக் ஆர்டிஎல்8852பிஇ-க்கு ஆதரவு வந்தது கர்னல் 6.2-ல்தான். டெபியன் 12 என்ற லினக்ஸ் வகையின் கர்னல் 6.1! ஒரே ஒரு எண் பின்தங்கியதால் அதில் அந்தக் கார்டு தெரியாது. பேக்போர்ட்ஸ் கர்னல் (பழைய டெபியனுக்கென்று தரப்படும் புதிய கர்னல்) போட வேண்டும், அல்லது 6.12 கர்னலுடன் வந்த டெபியன் 13-க்குப் போக வேண்டும். 'லினக்ஸில் வைஃபை வேலை செய்யவில்லை' என்று வரும் புகார்களில் பலவற்றின் உள்விஷயம் இவ்வளவுதான்: புது சிப், பழைய கர்னல். கார்டு கழற்றக்கூடியதாக இருந்தால் ஏஎக்ஸ்210 வாங்கி மாற்றிவிடலாம். கடையில் ஏஎக்ஸ்211 தந்தால் வாங்காதீர்கள். அது அதற்கேற்ற இன்டெல் பிராசஸர் உள்ள போர்டில் மட்டுமே ஓடும், ஏஎம்டி லேப்டாப்பில் செத்த கார்டு.

சென்னை ரிச்சி தெருவில் பழைய திங்க்பேட், லேட்டிட்யூட் எல்லாம் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா, ஏமாந்துவிடுவேனா?
— பிரகாஷ், செங்கல்பட்டு

வாங்கலாம். ஆபீஸ்களில் மூன்று நான்கு வருடம் ஓடிக் கழிக்கப்பட்ட லேப்டாப்கள் அவை. கீபோர்டும் கீலும் (மூடியைத் தாங்கும் ஹிஞ்சைச் சொல்கிறோம்) இன்றைய மலிவு லேப்டாப்களைவிடத் திடமாக இருக்கும். லினக்ஸ் ஆதரவும் நன்றாகப் பழுத்திருக்கும்.

ஆனால் இன்டெல் 8-ம் தலைமுறைக்குக் கீழே இறங்காதீர்கள். விண்டோஸ் 11 இன்டெல் பிராசஸர்களில் பொதுவாக 8-ம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாகப் போகும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. 6, 7-ம் தலைமுறைகள் மலிவதற்கு அது ஒரு காரணம். லினக்ஸ் அவற்றிலும் ஓடும்தான். ஆனால் 7-ம் தலைமுறை 'யூ' பிராசஸர்கள் 2 கோர், 8-ம் தலைமுறை ஐ5, ஐ7-ல் 4 கோர். அந்த ஒரு படியில்தான் பெரிய தாவல்.

திங்க்பேட் டி480, லேட்டிட்யூட் 7490, எலைட்புக் 840 ஜி5 மூன்றிலும் இரண்டு ரேம் ஸ்லாட். டி490-ல் ஒன்று ஒட்டியது, ஒன்றுதான் ஸ்லாட். ஒரு எண் கூடிவிட்டதால் எல்லாமே கூடிவிட்டது என்று நினைக்க வேண்டாம். டி480-ல் கவனிக்க வேண்டிய ஒன்று: அந்தக் காலத்து திங்க்பேட்களில் தண்டர்போல்ட் ஃபர்ம்வேரில் ஒரு பிழை இருந்தது. நாளடைவில் யூஎஸ்பி-சி போர்ட்டில் சார்ஜ் ஏறாது, மானிட்டர் தெரியாது. லெனோவோ திருத்தம் வெளியிட்டது, ஆனால் போர்ட் கெடும் முன் போட வேண்டும். ஆகவே இரண்டு யூஎஸ்பி-சி போர்ட்டிலும் சார்ஜரைச் செருகிப் பாருங்கள், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அந்த அப்டேட்டைப் போடுங்கள்.

கடையிலேயே பயாஸுக்குள் நுழையுங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அந்த லேப்டாப்பை அப்படியே வைத்துவிட்டு அடுத்ததைக் கேளுங்கள். 'எடுத்துத் தந்துவிடுவோம் சார்' என்பார்கள். சூப்பர்வைசர் பாஸ்வேர்டை நேர்வழியில் எடுக்க மதர்போர்டையே மாற்ற வேண்டும். அவர்கள் செய்வது சிப்பில் கை வைக்கும் வேலை. செக்யூரிட்டி பகுதியில் 'கம்ப்யூட்ரேஸ்' அல்லது 'அப்சல்யூட்' என்பது நிரந்தரமாக இயக்கப்பட்டதாக இருந்தால் பழைய நிறுவனத்தின் கண்காணிப்புக் கயிறு இன்னும் அவிழவில்லை என்று பொருள். இன்டெல் 'வி-புரோ' முத்திரை உள்ளவற்றில் இன்டெல் ஏஎம்டி என்ற தொலைமேலாண்மை வசதி உண்டு (பிராசஸர் தயாரிக்கும் ஏஎம்டி வேறு, இது வேறு). லேப்டாப் ஆன் ஆகும்போது கன்ட்ரோலும் பி-யும் அழுத்தினால் பல மாடல்களில் அதன் திரை வரும். தொழிற்சாலைப் பாஸ்வேர்டு 'அட்மின்'. அது ஏற்கவில்லையென்றால் முந்தைய ஆபீஸ் ஏதோ அமைத்திருக்கிறது. பயாஸிலேயே அதை அழித்து அணைக்க முடிகிறதா பாருங்கள். முடியாவிட்டால் செக்யூரிட்டி வேலைக்கு அந்த லேப்டாப் ஆகாது.

பேட்டரிக்கு, லினக்ஸ் பென்டிரைவில் பூட் செய்து (எப்படி என்று அடுத்த பதிலில்) 'அப்பவர்' (upower) கட்டளை தரும் விவரத்தில் இப்போதைய முழுக் கொள்ளளவையும் வடிவமைப்புக் கொள்ளளவையும் ஒப்பிடுங்கள். பாதிக்குக் கீழ் என்றால் புது பேட்டரி விலையைக் கழித்துக்கொண்டுதான் பேரம். டி480-ல் உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பேட்டரி. கடைக்காரர் காட்டுவது எது என்று பாருங்கள்.

கடையில் லினக்ஸ் ஓடுமா என்று எப்படிச் சோதிப்பது? பத்து நிமிடம்தான் தருவார்கள்.
— ரஹ்மான், நாகர்கோவில்

பத்து நிமிடம் போதும், வீட்டிலேயே பென்டிரைவைத் தயார் செய்துகொண்டு போனால். 8 ஜிபி பென்டிரைவில் உபுண்டு 24.04 அல்லது அப்போதைய ஃபெடோராவை, பென்டிரைவில் எழுதித் தரும் எட்சர் மென்பொருள் கொண்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே வேலைக்கான வென்டாய் வசதியானதுதான், ஆனால் செக்யூர் பூட் (கையெழுத்திட்ட மென்பொருளை மட்டும் பூட் ஆகவிடும் காவல்) இயங்கும் லேப்டாப்பில் முதல்முறை அதன் சாவியைப் பதியச் சொல்லும். அடுத்தவர் லேப்டாப்பில் அதைச் செய்யக் கூடாது.

பூட் மெனுவுக்கு லெனோவோ, டெல் இரண்டிலும் பெரும்பாலும் எஃப்12, எச்பி-யில் எஃப்9, ஏசஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பயாஸில் அந்த மெனுவை முதலில் இயக்க வேண்டியிருக்கும்.

செக்யூர் பூட்டை அணைக்காமலே பூட் செய்யுங்கள். உபுண்டு, ஃபெடோரா, டெபியன் எல்லாம் அது இயங்கும்போதே பூட் ஆகக்கூடியவை. 'செக்யூரிட்டி வயலேஷன்' என்ற ரீதியில் ஒரு பெட்டி வந்து நின்றால் பென்டிரைவைக் குறை சொல்லாதீர்கள். 'செக்யூர்டு கோர்' வகை லேப்டாப்கள் விண்டோஸை மட்டுமே நம்பும்படி அமைத்து வருகின்றன. திங்க்பேட் பயாஸில் செக்யூர் பூட் பக்கத்திலேயே 'அலவ் மைக்ரோசாஃப்ட் தேர்டு பார்ட்டி யூஇஎஃப்ஐ சிஏ' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அதை இயக்கினால் லினக்ஸ் வந்துவிடும், செக்யூர் பூட்டும் அப்படியே இருக்கும்.

டெஸ்க்டாப் வந்ததும் டெர்மினலைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ' கட்டளையை என்என்கே என்ற மூன்று எழுத்துச் சேர்க்கையுடன் (lspci -nnk) கொடுங்கள். 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரிக்குக் கீழே 'கர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்க வேண்டும். இருந்தால் கர்னல் அந்த சிப்பை எடுத்துக்கொண்டது. சிப் பெயர் மட்டும் இருந்து அந்த வரி இல்லையென்றால் டிரைவர் இல்லை. உங்கள் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு நிஜமாகவே இணைத்தும் பாருங்கள்.

பிறகு 'எல்எஸ்யூஎஸ்பி'. அதில் கேமரா என்று ஒன்று தெரிந்தால் அது பொதுவான யூஎஸ்பி கேமரா, ஓடிவிடும். தெரியாவிட்டால் இன்டெல் 11-ம் தலைமுறை முதல் சில விலையுயர்ந்த மெல்லிய லேப்டாப்களில் வரும் ஐபியூ6 வகைக் கேமராவாக இருக்கலாம். அதற்கான டிரைவரின் அடிப்படைப் பகுதி கர்னல் 6.10-ல்தான் சேர்ந்தது, மேலே இன்னும் சில மென்பொருள் அடுக்குகள் வேண்டும். லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய லேப்டாப்பில் இன்டர்வியூ அன்று முகம் தெரியாமல் போவது இதனால்தான்.

சிஸ் கோப்புறைக்குள் பவர், அதற்குள் மெம்_ஸ்லீப் என்ற கோப்பை 'கேட்' கொண்டு படியுங்கள். 'டீப்' என்ற சொல் இருந்தால் பழைய பாணி உறக்கம் உண்டு, பேட்டரி சேமிப்பாகும். 'எஸ்2ஐடில்' மட்டும் இருந்தால் புது பாணி. அது கெட்டது இல்லை. ஆனால் ஃபர்ம்வேர் சரியில்லாத மாடல்களில் மூடிப் பையில் வைத்த லேப்டாப் வீடு போய்ச் சேர்வதற்குள் சூடாகிப் பேட்டரி இறங்கியிருக்கும். ஒருமுறை மூடி, ஒரு நிமிடம் விட்டுத் திறந்து பாருங்கள். திரை கறுப்பாகவே நின்றால் அந்த மாடலே வேண்டாம்.

கடைசியாக 'எஃப்டபிள்யூயுபிடிஎம்ஜிஆர் செக்யூரிட்டி' (fwupdmgr security) என்ற கட்டளை. உபுண்டு லைவிலேயே உண்டு. டிபிஎம் 2.0 (சாவிகளைப் பத்திரப்படுத்தும் சிப்) இருக்கிறதா, பயாஸ் சிப்பில் எழுத முடியாதபடி பூட்டியிருக்கிறதா, ஐஓஎம்எம்யூ (செருகிய கருவிகள் ரேமைக் கண்டபடி தொடாமல் காப்பது) இயங்குகிறதா என்று வரிவரியாகச் சொல்லி எச்எஸ்ஐ என்று ஒரு மதிப்பெண் போடும். 0 என்றால் தயாரிப்பாளர் எதையோ பூட்டாமல் அனுப்பியிருக்கிறார் அல்லது ஏதோ அணைக்கப்பட்டிருக்கிறது. எந்த வரி தோற்றது என்று போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். இதே கருவியில் 'கெட் டிவைசஸ்' கொடுத்தால் பயாஸ் அப்டேட் லினக்ஸ் வழியாகவே வருமா என்பதும் தெரியும். டெல், லெனோவோ, எச்பி-யின் ஆபீஸ் மாடல்களில் பெரும்பாலும் வரும். கேமிங் மாடல்களில் அரிது.

புது லேப்டாப்பில் உபுண்டு போடப் போனால் எஸ்எஸ்டி-யே இல்லை என்கிறது இன்ஸ்டாலர். விண்டோஸ் நன்றாக ஓடுகிறது. விண்டோஸும் வேண்டும்.
— சுந்தர், மதுரை

பயாஸில் டிஸ்க் 'ஆர்எஸ்டி', 'ரெய்டு', 'விஎம்டி' என்ற பெயர்களில் ஒன்றில் அமைந்திருக்கும். நேராகப் போய் ஏஎச்சிஐ (இன்ஸ்டாலருக்கு டிஸ்க் தெரியும் அமைப்பு) என்று மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நின்றுவிடும். அடுத்த முறை பூட் ஆக எந்த டிரைவர் என்பது விண்டோஸுக்குத் தெரியாது. வரிசை முக்கியம்.

முதலில் பிட்லாக்கர் அல்லது 'டிவைஸ் என்கிரிப்ஷன்' இயங்குகிறதா பாருங்கள். நீங்கள் போடாவிட்டாலும் விண்டோஸ் 11 தானாகப் போட்டிருக்கலாம். மீட்புச் சாவியான 48 இலக்க எண்ணைத் தாளில் எழுதிவைத்துவிட்டு, அதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். பிறகு எம்எஸ்கான்ஃபிக் திறந்து பூட் பக்கத்தில் 'சேஃப் பூட் – மினிமல்' டிக் செய்து ரீஸ்டார்ட். விண்டோஸ் வருவதற்கு முன்பே பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ ஆக மாற்றிச் சேமியுங்கள். விண்டோஸ் சேஃப் மோடில் ஏறும்போது புது டிரைவரைத் தானே எடுத்துக்கொள்ளும். அங்கே பின் எண் ஏற்காமல் போகலாம், கணக்கின் முழுப் பாஸ்வேர்டு கையில் இருக்கட்டும். எம்எஸ்கான்ஃபிக்கில் அந்த டிக்கை எடுத்து மறுபடி ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. பிட்லாக்கரைத் திரும்ப இயக்க மறக்க வேண்டாம்.

சில ஏசர் மாடல்களில் இந்த அமைப்பே கண்ணில் படாது. பயாஸில் 'மெயின்' பக்கத்தில் நின்று கன்ட்ரோலும் எஸ்-ஸும் அழுத்தினால் 'விஎம்டி' வரி வெளியே வரும்.

காளி லினக்ஸையே மெயினாகப் போட்டுக்கொள்ளலாமா?
— வினோத், திருச்சி

வேண்டாம். அது கருவிப்பெட்டி, வீடு இல்லை. தினமும் மாறிக்கொண்டே இருக்கும் ரோலிங் வெளியீடு. செக்யூர் பூட்டை அணைத்தால்தான் ஓடும். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்பைச் சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு கண்டுபிடிக்கப்பட்டபோது, அந்த மாதம் 26 முதல் 29 வரை அப்டேட் செய்த காளிகளில் அது இறங்கியிருந்தது. அப்போதைய டெபியன் ஸ்டேபிளுக்கு அது எட்டவே இல்லை. அடியில் டெபியனோ உபுண்டு எல்டிஎஸ்ஸோ ஃபெடோராவோ போட்டு, காளியை விர்ட்-மேனேஜர் என்ற விர்ச்சுவல் மெஷின் கருவியில் 4 ஜிபி ரேம், 2 கோர், 50 ஜிபி டிஸ்க் கொடுத்து வையுங்கள். ஸ்நாப்ஷாட் (திரும்பிவரக்கூடிய அந்த நேர நிலையின் பிரதி) எடுத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் உடைத்துப் பார்க்கலாம். தீங்குநிரல்களைத் திறந்து பார்க்கும் மெஷினுக்கு நெட்வொர்க் கார்டையும் கிளிப்போர்டு பகிர்வையும் எடுத்துவிடுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி அறை கட்டிக்கொடுக்கும் க்யூப்ஸ் ஓஎஸ் பற்றியும் சிலர் கேட்டிருக்கிறார்கள். குறைந்தது 6 ஜிபி என்று சொன்னாலும் 16-க்குக் கீழ் அதைத் தொடாதீர்கள். விர்ச்சுவல் மெஷின்களுக்கான இன்டெல் வசதிகளான விடி-எக்ஸ், விடி-டி இரண்டும் பயாஸில் இயங்க வேண்டும், கிராஃபிக்ஸ் இன்டெல்லாக இருந்தால் நிம்மதி. அவர்களுடைய தளத்தில் வன்பொருள் பொருத்தப் பட்டியல் இருக்கிறது. மாடலை அதில் பார்த்த பிறகே பணம் எடுங்கள்.

வைஃபை பாதுகாப்புப் பாடத்துக்கு மானிட்டர் மோடு (சுற்றியுள்ள வைஃபை பாக்கெட்டுகளைக் கவனிக்கும் நிலை) வேண்டும். காளி விர்ச்சுவல் மெஷினில் வைஃபையே தெரியவில்லை, ஈத்0 மட்டும் இருக்கிறது.
— நிவேதா, கோயம்புத்தூர்

கார்டு கெடவில்லை. விர்ச்சுவல் மெஷின் உங்கள் வைஃபையை ஒரு கற்பனைக் கேபிள் இணைப்பாகத்தான் பார்க்கும். யூஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கி அதை முழுதாகக் காளிக்குக் கைமாற்ற வேண்டும். லேப்டாப்புக்குள் இருக்கும் கார்டில் இதற்காகப் பணம் போட வேண்டியதில்லை.

இங்கும் சிப்தான். ஏதெரோஸ் ஏஆர்9271 பல வருடமாகக் கர்னலிலேயே இருக்கிறது, ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும். 5 கிகாஹெர்ட்ஸும் வேண்டுமென்றால் மீடியாடெக் எம்டி7612யூ; அதுவும் கர்னலிலேயே உண்டு. ஆர்டிஎல்8812ஏயூ அடாப்டர்கள் மலிவாகக் கிடைக்கும். பழைய கர்னல்களில் அதற்கு வெளியிலிருந்து டிரைவர் எடுத்துக் கம்பைல் செய்ய வேண்டும், கர்னல் அப்டேட் ஆன மறுநாள் அது உடைந்து நிற்கும். பழைய வீடியோக்களைப் பார்த்து டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் தேடுபவர்களுக்கு: அவற்றில் காட்டுவது பதிப்பு 1, ஏஆர்9271 சிப். பதிப்பு 2, 3-ல் ரியல்டெக் சிப். பெட்டியும் ஆன்டெனாவும் ஒன்றுபோல இருக்கும். பின்புற ஸ்டிக்கரில் பதிப்பு எண் பார்க்காமல் வாங்காதீர்கள்.

விர்ச்சுவல்பாக்ஸ் என்றால் உங்கள் பயனர் கணக்கை 'விபாக்ஸ்யூசர்ஸ்' குழுவில் சேர்த்து, லாக்அவுட் ஆகி வந்தால்தான் யூஎஸ்பி பட்டியல் தெரியும். கைமாற்றிய பிறகு 'ஐடபிள்யூ லிஸ்ட்' கொடுத்து 'சப்போர்ட்டட் இன்டர்ஃபேஸ் மோட்ஸ்' பகுதியில் மானிட்டர் இருக்கிறதா பாருங்கள். 'ஏர்ரிப்ளே-என்ஜி' கருவியின் டெஸ்ட் தேர்வில் 'இன்ஜெக்ஷன் இஸ் வொர்க்கிங்' வந்தால் எல்லாம் சரி. சோதனை உங்கள் வீட்டு ரவுட்டரில் மட்டும். பக்கத்து வீட்டு நெட்வொர்க்கில் அனுமதியின்றி நுழைந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66-ம் பிரிவுகள் பாயும். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஆர்டிஎக்ஸ் கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் ஹேஷ்கேட்டுக்கு நல்லது என்கிறார்கள். 20 ஆயிரம் கூடுதல்.
— அருண், வேலூர்

பாஸ்வேர்டு உடைக்கும் கருவியான ஹேஷ்கேட்டைப் பாடத்துக்கு ஓட்டிப் பழக சிபியு போதும். மெஷின் லேர்னிங்கும் உங்கள் வேலை என்றால் வாங்குங்கள், இல்லாவிட்டால் அந்த 20 ஆயிரத்தை ரேமில் போடுங்கள். என்விடியா வாங்கினால் இதை எதிர்பாருங்கள்: செக்யூர் பூட் இயங்கும்போது டிரைவர் போட்டால் இன்ஸ்டாலர் ஒரு பாஸ்வேர்டு கேட்கும். அடுத்த ரீஸ்டார்ட்டில் நீலநிறத்தில், பழங்காலத் திரைபோல 'எம்ஓகே மேனேஜ்மென்ட்' வரும். பலர் பயந்து 'கன்டினியூ பூட்' அழுத்திவிடுகிறார்கள். டிரைவர் ஏறாமல் போவது அதனால்தான். 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்தெடுத்து அந்தப் பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

மேக்புக் ஏர் எம்3 கையில் இருக்கிறது. லினக்ஸ் போட முடியுமா?
— தர்ஷினி, யாழ்ப்பாணம்

நேரடியாகப் போட்டுப் பயன்படுத்த, ஆப்பிள் சிப்புக்கான அசாஹி லினக்ஸ் நன்கு கைகொடுப்பது எம்1, எம்2-வில்தான். எம்3-ல் மேக்ஓஎஸ்ஸுக்கு உள்ளேயே யூடிஎம் என்ற விர்ச்சுவல் மெஷின் மென்பொருள் போட்டு, அதில் ஆர்ம்64 டெபியனோ காளியோ ஓட்டுங்கள். வேகம் நன்றாக இருக்கும். எக்ஸ்86 மெஷின்களை அதில் ஓட்டினால் எமுலேஷன்தான், நத்தை வேகம். விண்டோஸ் தீங்குநிரல் ஆய்வு உங்கள் பாடத்தில் இருந்தால் பழைய எக்ஸ்86 லேப்டாப் ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

லேப்டாப் தொலைந்தால் கிளையன்ட் கோடு வெளியே போகக் கூடாது. டிஸ்க் என்கிரிப்ஷன் போட்டால் போதுமா?
— ஒரு ஃப்ரீலான்ஸர், சேலம்

போதும், அணைத்துவிட்டு எடுத்துப் போனால். உறக்கத்தில் இருக்கும் லேப்டாப்பில் டிஸ்க்கின் சாவி ரேமிலேயே கிடக்கும். ஹைபர்னேட் செய்யலாமே என்றால், செக்யூர் பூட் இயங்கும்போது பல டிஸ்ட்ரோக்களின் கர்னல் அதைத் தடுத்துவிடும். பயணத்தின்போது ஷட்டவுன் செய்வதே வழி.

இன்ஸ்டால் செய்யும்போதே லக்ஸ் என்ற லினக்ஸின் டிஸ்க் என்கிரிப்ஷனைத் தேர்ந்தெடுங்கள், பின்னால் சேர்ப்பது பெரும்பாடு. தொடர்பில்லாத ஆறு ஏழு சொற்கள் கோத்த கடவுத்தொடர் போடுங்கள். லக்ஸ்2 அதை ஆர்கான்2ஐடி வழியாகச் சாவியாக்குவதால் ஊகித்துத் திறப்பது மிக மெதுவாகும். 'முருகா123'-க்கு அந்த உதவியெல்லாம் எடுபடாது.

பலர் விட்டுவிடுவது ஹெடரின் பிரதியை. டிஸ்க்கின் தொடக்கத்தில் சுமார் 16 எம்பி அளவில் இருக்கும் அந்தப் பகுதி கெட்டால் சரியான கடவுத்தொடர் தெரிந்தும் எதுவும் திறக்காது. 'கிரிப்ட்செட்டப்' கருவியில் 'லக்ஸ்ஹெடர்பேக்கப்' என்ற செயல் உண்டு. பிரதியை வேறு பென்டிரைவில் வையுங்கள். ஒரு எச்சரிக்கை: பிறகு கடவுத்தொடரை மாற்றினாலும் பழைய பிரதி பழைய கடவுத்தொடருக்குத் திறக்கும். மாற்றியதும் பழையதை அழித்துப் புதிதாக எடுங்கள்.

டிபிஎம் சிப்பில் சாவியை வைத்துத் தானாகத் திறக்கச் செய்யலாம். ஆனால் லேப்டாப் திருடியவருக்கும் அது தானாகவே திறந்து லாகின் திரைவரை கொண்டுபோய் விடும். 'சிஸ்டம்டி-கிரிப்ட்என்ரோல்' மூலம் போடும்போது பின் எண்ணையும் சேர்த்துக் கேட்கும்படி அமையுங்கள். மீட்புச் சாவி தனியே இருக்கட்டும். செக்யூர் பூட் போன்ற பயாஸ் அமைப்பை மாற்றினால் டிபிஎம் வாயை மூடிக்கொள்ளலாம்.

செக்யூர் பூட் பற்றி ஒன்று. மைக்ரோசாஃப்ட்டின் 2011-ம் வருடச் சான்றிதழ்களில் லினக்ஸ் பூட்லோடருக்குப் பயன்படுவதன் காலம் 2026 ஜூனோடு முடிகிறது. பழைய லேப்டாப் அன்றோடு நின்றுவிடாது. புதிய 2023 சான்றிதழால் மட்டும் கையெழுத்திட்ட பூட்லோடர் வரும்போதுதான் சிக்கல். பயாஸ் அப்டேட் வழியாகவோ முன்சொன்ன ஃபர்ம்வேர் கருவி வழியாகவோ புதிய சான்றிதழை ஏற்றிக்கொள்ளுங்கள். அப்டேட் வராத மாடலை இப்போது வாங்க வேண்டாம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

யூஎஃப்டபிள்யூ ஃபயர்வால் போட்டிருக்கிறேன். ஆனாலும் டாக்கரில் ஓடும் டேட்டாபேஸ் ரூம்மேட் லேப்டாப்பில் திறக்கிறதே?
— மணிகண்டன், ஓசூர்

போர்ட்டை வெளியிடும்போது டாக்கர் தன் விதிகளை நேரடியாகக் கர்னலில் எழுதிவிடும். பாக்கெட் யூஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் வாசலுக்கே வராது. 5432:5432 என்று கொடுத்தால் எல்லா நெட்வொர்க்குக்கும் திறந்ததாகப் பொருள். 127.0.0.1:5432:5432 என்று முன்னால் முகவரியைச் சேருங்கள். கம்போஸ் கோப்பிலும் அதே. இன்னொன்று, டாக்கர் குழுவில் இருக்கும் பயனர் நடைமுறையில் ரூட் பயனர்தான். தெரியாத கோடை அந்தக் கணக்கில் ஓட்டாதீர்கள்.

உபுண்டுவில் தமிழ்99 எப்படி?
— செல்வி, தஞ்சாவூர்

'ஐபஸ்-எம்17என்' தொகுப்பை நிறுவி, ஒருமுறை லாக்அவுட் ஆகி வாருங்கள். செட்டிங்ஸில் கீபோர்டு பகுதியில் தமிழைத் தேடினால் தமிழ்99 பட்டியலில் இருக்கும். விண்டோஸ் விசையும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தி மாறலாம். டெர்மினலில் மட்டும் கொம்பும் காலும் எழுத்தை விட்டு விலகித் தெரியும். அது ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே அளவு கட்டம் ஒதுக்குவதால் வருவது. கோப்பு கெடவில்லை, எடிட்டரில் திறந்தால் எழுத்து சரியாக இருக்கும்.